வைத்துக் காக்க அரிய பொருள்

ஆக்கல், காத்தல், அழித்தல் என மூன்று தொழில்களைப் பிரித்துச் சொன்ன நம் முன்னோர், நடுவில் நிற்கும் காத்தலுக்கென்று தனியாக ஒரு தெய்வத்தை வைத்தார்கள். அந்தத் தெய்வம் அரவணையில் பள்ளிகொண்டிருக்கும் ஊர்களுள் ஒன்று திருவனந்தபுரம். ஒரு பொருளை உண்டாக்குவதைவிட, உண்டாக்கியதை வைத்துக் காப்பதே பெரும்பாடாக முடிந்த ஒரு விஞ்ஞான வரலாறு அதே ஊரைச் சுற்றி நடந்திருக்கிறது. அதில் பங்குகொண்டவர்களுள் தமிழர் பலர் உண்டு. சொந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கு அது ஓரளவு வீட்டுக் கதையும் ஆகும்.

காத்தற்கு அரிய பொருள்களில் தலையாயது எது என்று கேட்டால், விஞ்ஞானிகள் தயங்காமல் எதிர்ப்பொருள் என்று விடை சொல்வார்கள். 1928-ஆம் ஆண்டு டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அந்தச் சமன்பாடு, எலெக்ட்ரானைப் போன்றே எடை கொண்டு, மின்னேற்றத்தில் மட்டும் நேர்மாறான ஒரு துகளும் இருந்தாக வேண்டும் என்று காட்டிற்று. 1932-இல் அமெரிக்கரான ஆண்டர்சன் அண்டக் கதிர்களினிடையே அதனைக் கண்டுபிடித்தார். பாசிட்ரான் என்று அதற்குப் பெயர் வந்தது. 1955-இல் எதிர்ப் புரோட்டான் கிடைத்தது. 1995-இல் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரண்டையும் கூட்டி எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்பதை உண்டாக்கினர். பொருளும் எதிர்ப்பொருளும் தொட்ட மாத்திரத்தில் இரண்டும் அழிந்து வெறும் ஆற்றலாகிவிடும். அப்படியானால் எதிர்ப்பொருளை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரமும் பொருள்தானே! காற்றை அறவே நீக்கிய வெற்றிடத்தில், காந்தப் புலத்தையே சுவராக எழுப்பி, அதன் நடுவே தொங்கவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு 2010-ஆம் ஆண்டு முப்பத்தெட்டு எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு நொடியின் சிறு பகுதியளவு சிறைப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தக் கால அளவு ஆயிரம் நொடியாக நீண்டது. மனிதர் இதுகாறும் உண்டாக்கிய எதிர்ப் புரோட்டான்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இந்தத் துறையில் ஓர் இந்தியர் பெயரும் நிலைத்து நிற்கிறது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் விதத்தை இளமையிலேயே கேம்பிரிட்ஜில் கணக்கிட்டுக் காட்டியவர் ஹோமி பாபா. உலகெங்கும் இன்றைக்கும் அது 'பாபா சிதறல்' என்றே வழங்குகிறது. அதே பாபாதான் பிற்காலத்தில் அணுசக்தி கமிஷனின் தலைவராக அமர்ந்தார். 1962-ஆம் ஆண்டு விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அணுசக்தித் துறையின் கீழேதான் அமைந்தது. விக்ரம் சாராபாய் அக்குழுவின் தலைவரானார். ராக்கெட் ஏவுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்னும் மீனவர் கிராமம்.

ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. இந்த உண்மை 1962-இல் திடீரென்று தெரிந்துவிட்டதன்று. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினார். இசைக்காக நாம் போற்றும் அதே சுவாதித் திருநாள்தாம். பிறகு அதன் தலைவராக வந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன் என்பவர் காந்த ஊசியின் அசைவுகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். கடல் மட்டத்தில் மட்டும் அளந்தால் போதாது என்று எண்ணி, 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக் கூடம் அமைத்தார். தமிழ் முனிவன் வாழ்வதாக நாம் நம்பும் மலையில், அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்துக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரர் காந்த ஊசியைக் காத்துக் கிடந்த காட்சியை எண்ணிப் பார்க்கையில் நமக்கு வியப்பே மிகுகிறது. காந்தத்தின் ஆற்றலைப் பற்றிப் பின்னால் தெரியவந்த செய்தி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பூமியைச் சூழ்ந்த காந்தப் புலத்துக்குள் எதிர்ப் புரோட்டான்கள் சிக்கிச் சுழன்றுகொண்டிருப்பதை 2011-ஆம் ஆண்டு பாமேலா என்னும் விண்வெளிக் கருவி கண்டறிந்தது. செர்ன் நிலையத்தார் அரும்பாடு பட்டுச் செய்வதைப் பூமி தானாகவே செய்துகொண்டிருக்கிறது!

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அந்தி நேரத்தில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அது அமெரிக்கர் தந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டு. உயரே சென்று அது கக்கிய சோடியம் ஆவி வானத்தில் செம்மஞ்சள் முகிலாகப் படர்ந்தது. மரிய மக்தலேனா தேவாலயம் பட்டறையாயிற்று. பிஷப்பின் இல்லம் அலுவலகமாயிற்று. தம் மக்களிடம் பேசி அவ்விடத்தை விட்டுத்தரச் செய்தவர் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா. ராக்கெட்டின் உறுப்புகள் சைக்கிளில் வந்திறங்கிய கதை பலரும் அறிந்தது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அங்கே வேலை பார்த்த இளைஞர்களுள் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பலரும் கவனியாத ஒன்று உண்டு. தும்பாவில் அந்தச் சிறு ராக்கெட் எழுந்த ஆறாம் நாள், அதாவது நவம்பர் 27 அன்று, அமெரிக்காவில் சென்டார் என்னும் ராக்கெட்டு முதல் வெற்றி கண்டது. அது திரவ ஹைட்ரஜனை எரித்து விண்ணில் சென்ற முதல் ராக்கெட்டு. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் அதன் முதல் முயற்சி வெடித்துச் சிதறியிருந்தது. ஒரு வாரத்துக்குள் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடக்க நம்மவர்க்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஹைட்ரஜனில் அப்படி என்ன சிறப்பு? அது பொருள்களிலெல்லாம் இலேசானது. பிராணவாயுவுடன் சேர்ந்து எரிந்தால், வழக்கமான திரவ எரிபொருள்கள் தருவதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உந்துதலை எடைக்கு எடை தரும். நான்கு டன் எடையுள்ள செயற்கைக்கோளை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்த விரும்பும் நாட்டுக்கு அது கிட்டத்தட்ட இன்றியமையாதது. அது இல்லாத நாடு தன் பெரிய செயற்கைக்கோள்களை அயலார் ராக்கெட்டில் கூலி கொடுத்து அனுப்ப வேண்டும். நம் நாடு நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தது.

வாயுவாக இருக்கும் ஹைட்ரஜனை ராக்கெட்டில் ஏற்ற முடியாது, இடம் போதாது. திரவமாக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். மற்ற வாயுக்களில் பெரும்பாலானவற்றை அழுத்திப் பிறகு விரியவிட்டால் அவை குளிரும். ஹைட்ரஜனோ சாதாரண வெப்பநிலையில் அவ்வாறு விரியவிட்டால் முரண்டு பிடித்துச் சூடேறும். முன்னதாக வேறொரு திரவ வாயுவால் அதை நன்றாகக் குளிர்வித்த பின்னரே அது வழிக்கு வரும். 1898-ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் டூவர் முதன்முதலாக அதைத் திரவமாக்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, திரவ வாயுக்களை வைப்பதற்கென்று இரட்டைச் சுவரும் நடுவே வெற்றிடமும் கொண்ட ஒரு குடுவையை அவர் செய்திருந்தார். ஊருக்குப் போகும் ரயிலில் காப்பி கொண்டு செல்கிறோமே, அந்தத் தெர்மாஸ் குடுவை அதன் வழித்தோன்றல்தான். டூவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வேறொருவர் விற்றுப் பணம் பண்ணினார். காக்கும் பாத்திரத்தைக் கண்டுபிடித்தவர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளவில்லை.

இனித்தான் உண்மையான சங்கடம். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு அணுக்கருக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பம்பரம் போலத் தனக்கென ஒரு சுழற்சி உடையது. இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் அது ஆர்த்தோ ஹைட்ரஜன்; எதிரெதிர்த் திசைகளில் இருந்தால் பாரா ஹைட்ரஜன். சாதாரண வெப்பநிலையில் மூன்று பங்கு ஆர்த்தோவும் ஒரு பங்கு பாராவுமாகக் கலந்திருக்கும். கடுங்குளிரில் எல்லாம் பாராவாக இருப்பதே இயல்பு. ஆனால் அந்த மாற்றம் உடனே நிகழ்வதில்லை. திரவமாக்கிக் குடுவையில் ஊற்றி மூடிய பிறகு, மெள்ள மெள்ள உள்ளேயே நிகழும். மாறும்போதெல்லாம் வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பமோ அந்தத் திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைவிட அதிகம்! வெளியிலிருந்து ஒரு துளி வெப்பமும் நுழையாதபடி எவ்வளவு சிறந்த குடுவையில் வைத்தாலும், உள்ளிருக்கும் திரவம் தன்னைத் தானே கொதிக்க வைத்துக்கொள்ளும். நூறு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துவிடும். இதற்குப் பரிகாரம், குளிர்விக்கும்போதே இரும்பு ஆக்ஸைடு போன்ற ஊக்கிகளின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தி, அந்த மாற்றத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது. உறவில் வரப்போகும் சண்டையைப் பந்தலிலேயே தீர்த்து வைப்பது போல என்று ஒரு பெரியவர் நமக்கு விளக்கினார். உவமை கொஞ்சம் குடும்பத்தனமானது என்றாலும் பொருந்தத்தான் செய்கிறது.

இது ஒன்றோடு தொல்லை முடிவதில்லை. தொட்டியில் சிறிதளவு காற்று தங்கினாலும் அது பனிக்கட்டியாக உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். உறைந்த பிராணவாயு திரவ ஹைட்ரஜனில் கிடப்பது வெடிமருந்தோடு வாழ்வதற்கு ஒப்பாகும். அந்தக் குளிரிலும் வாயுவாகவே நிற்கக்கூடியது ஹீலியம் ஒன்றே. ஆகவே தொட்டிகளையும் குழாய்களையும் ஹீலியத்தால் அலசியெடுக்க வேண்டும். மிக நுண்ணிய இடுக்கிலும் ஹைட்ரஜன் நழுவிவிடும். சில உலோகங்களுக்குள் புகுந்து அவற்றை நொறுங்கவும் செய்யும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு முதல் எழுபத்தைந்து பங்கு வரை எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். பற்றிய சுவாலையோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் திரவத்தின் எடை 71 கிராம்தான். எனவே தொட்டி மிகப் பெரிதாக வேண்டும். பெரிதானால் வெப்பம் புகும் பரப்பும் பெரிதாகும். ஒரு தொல்லையைத் தீர்த்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்.

கிரையோஜெனிக் என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல், கடுங்குளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. 'கடுங்குளிரியல்' என்றும் 'தாழ்வெப்பவியல்' என்றும் எழுதிப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தில் நாமும் உண்டு. ஆனால் தென்பாண்டி நாட்டில் அதைத் தொழிலாகவே செய்பவர்கள் கூச்சமின்றிக் கிரையோ என்றே சொல்கிறார்கள். தொழில் செய்பவனுக்கே சொல் சொந்தம் என்பதால் இக்கட்டுரையில் நாமும் அவ்வழியே செல்கிறோம்.

தென்பாண்டி நாட்டை எதற்காகக் குறிப்பிட்டோம் என்றால், இவ்வேலையின் மூளை திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலாவில் இருக்க, உடல் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இருக்கிறது. திரவ உந்து இயந்திரங்களுக்கான மையம் வலியமலாவில் அமைந்தது. அவ்வியந்திரங்களை எரித்துச் சோதிக்கும் களம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறச் சரிவில், பணகுடிக்கு அருகே அமைந்தது. அனுமன் இலங்கைக்குத் தாவிய மலை மகேந்திரம் என்பது இராமாயணம். தாவுவதற்குத் தக்க மலை என்பதைப் பொறியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள் போலும். கடுங்குளிர் எரிபொருள்களைத் தயாரித்துத் தரும் பணியும் அங்கேயே நடைபெறுகிறது. 2014-ஆம் ஆண்டு அது தனி நிலையமாயிற்று. எல்லைக்கு இப்புறம் தமிழகம், அப்புறம் கேரளம். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது வரைந்த கோட்டை, இந்த ராக்கெட்டுகள் ஒருபோதும் மதித்ததில்லை.

1980-களில் இந்திய விஞ்ஞானிகள் ஒரு டன் உந்துவிசை கொண்ட சிறு எஞ்சினில் கைப்பழக்கம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய எஞ்சினுக்குக் காலம் பிடிக்கும் என்று கண்டு, தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்க அரசாங்கம் முடிவு செய்தது. அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் கேட்ட விலை மிக அதிகம். 1991 ஜனவரியில் ஸோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டு எஞ்சின்கள், அவற்றோடு அவற்றைச் செய்யும் வித்தை. விலை சுமார் 235 கோடி ரூபாய். அவ்வாண்டின் இறுதிக்குள் ஸோவியத் நாடே இல்லாமற் போயிற்று. 1992 மே மாதத்தில், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை மீறியதாகக் கூறி ஐக்கிய அமெரிக்கா இரு தரப்பார் மீதும் ஈராண்டுத் தடை விதித்தது.

இங்கேதான் நம் கதையின் வேடிக்கையான திருப்பம் இருக்கிறது. போர் ஏவுகணை என்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிரப்பிய எரிபொருளுடன் உறையிலிட்ட வாள் போலக் காத்திருக்க வேண்டும். திரவ ஹைட்ரஜனோ ஏவுமேடையில் கடைசி மணி நேரங்களில் நிரப்பப்பட்டு, நிரப்பும்போதே ஆவியாகிக்கொண்டிருப்பது. வைத்துக் காக்க இயலாத இப்பொருளைக் கொண்டு எவனும் போர் செய்ய மாட்டான் என்பது இந்தியத் தரப்பில் எடுத்துரைத்த வாதம். விஞ்ஞானிகளை இத்தனை காலம் வதைத்த குறையே நம் நாட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தது. சாட்சி உண்மையானதே, வழக்கைக் கேட்டவர்கள் செவிசாய்க்கவில்லை. 1993-இல் ருஷ்யா பின்வாங்கியது. முடிவில் ஏழு எஞ்சின்களைத் தர ஒப்புக்கொண்டது. செய்யும் வித்தையை மட்டும் தரவில்லை. சமைத்த சோறு உண்டு, சமையற்குறிப்புக் கிடையாது என்ற கதையாயிற்று. சொந்த முயற்சியே கதி என்று 1994-இல் உள்நாட்டு எஞ்சினுக்கான திட்டம் அங்கீகாரம் பெற்றது.

அந்த 1994-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், கிரையோஜெனிக் திட்டத்தின் பொறுப்பில் இருந்த நம்பி நாராயணன் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். நாகர்கோவிலில் பிறந்து மதுரையில் பொறியியல் படித்தவர் அவர். பிரெஞ்சுக்காரருடன் உழைத்து விகாஸ் என்னும் திரவ எஞ்சினை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த குழுவின் தலைவர். ராக்கெட் இரகசியங்களை அயலாருக்கு விற்றார் என்பது அவர் மேல் சாட்டிய குற்றம். நம் கையில் இன்னும் வந்து சேராத வித்தையை அவர் எவ்வாறு விற்றிருக்க முடியும் என்று கேட்க அன்றைக்கு ஆள் குறைவு. பத்திரிகைகள் நாள்தோறும் கதை எழுதின. தெருவில் அவர் குடும்பத்தார் ஏச்சுக் கேட்டனர். ஐம்பது நாட்கள் அவர் காவலில் இருந்தார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை, வழக்கில் உண்மையில்லை என்று நீதிமன்றத்தில் அறிவித்தது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் தேவையின்றிக் கைதாகித் துன்புற்றார் என்று கூறி அதே நீதிமன்றம் ஐம்பது இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018 செப்டம்பர் 14-இல்தான். அடுத்த ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது. ஒரு மனிதனுடைய நற்பெயரைச் சேர்க்க முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆவியாகப் போக ஒரு மாலைப் பத்திரிகை போதும். நீதியின் தாமதத்துக்கு நாம் எந்தச் சமாதானமும் சொல்ல விரும்பவில்லை.

வேலை நின்றுவிடவில்லை. 2001 ஏப்ரலில் ருஷ்ய எஞ்சினுடன் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. இதனிடையே மகேந்திரகிரியில் உள்நாட்டு எஞ்சின் திரும்பத் திரும்ப எரிந்து பழகிற்று. 2007 நவம்பர் 15-ஆம் நாள், விண்ணில் எரிய வேண்டிய முழு நேரமாகிய 720 நொடிகளும் தரையில் எரிந்து காட்டிற்று. 2010 ஏப்ரல் 15-ஆம் நாள் முதன்முறையாக அது விண்ணுக்குச் சென்றது. தொட்டியிலிருந்து ஹைட்ரஜனை ஊட்டும் துணைப் பம்பு சிறிது நேரம் சுழன்று நின்றுவிட்டது. ராக்கெட்டு வங்கக் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் மீண்டும் ஏவ முனைந்தபோது, வேறொரு கட்டத்தில் எரிபொருள் கசிந்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-ஆம் நாள் 1,982 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைச் சுமந்து அது பிழையின்றி ஏறிற்று. சென்டார் வெற்றி பெற்ற நாளிலிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டுகளும் சில வாரங்களும் ஆகியிருந்தன. 2017 ஜூன் 5-இல் இன்னும் பெரிய கிரையோஜெனிக் கட்டம் மூன்று டன்னுக்கு மேற்பட்ட செயற்கைக்கோளை ஏற்றிற்று. 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்பட்டதும் அந்தக் கட்டத்தின் தோளில் ஏறித்தான்.

வெற்றிக்குப் பிறகும் ஹைட்ரஜன் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2021 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஒரு ஜி.எஸ்.எல்.வி. புறப்பட்டது. முதலிரண்டு கட்டங்களும் ஒழுங்காக எரிந்து கழன்றன. கிரையோஜெனிக் எஞ்சின் மட்டும் மூளவில்லை. விசாரணைக் குழு தேடிப் பார்த்ததில், ஹைட்ரஜன் தொட்டியின் வாயுப்போக்கி வால்வு ஒன்று கசிந்திருந்தது தெரியவந்தது. ஆவியாகும் ஹைட்ரஜன் தொட்டியை உடைத்துவிடாமல் வெளியே விடுவதற்கென்றே வைத்த வால்வு அது. அதனுள்ளே இருக்கும் மென்மையான அடைப்பு வளையம், தூசு போன்ற ஏதோ அசுத்தத்தாலோ, பூட்டியபோது ஏற்பட்ட இறுக்கத்தாலோ கெட்டிருக்கக் கூடும் என்று குழுவினர் கருதினர். தொட்டியில் அழுத்தம் குறைந்தது. 2010-இல் நின்ற அதே துணைப் பம்பு இம்முறையும் சரிவர இயங்கவில்லை. எஞ்சினுக்குப் போதிய எரிபொருள் செல்லவில்லை. பல நூறு டன் எடையுள்ள ஓர் ஊர்தி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையத்தால் வீணாயிற்று.

எஞ்சின் மூளுவதற்கு முன் தொட்டியில் தேவையான அழுத்தத்தைத் தாமே உண்டாக்கித் தரும் ஏற்பாட்டையும், கசிவைத் தானாகக் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் குழுவினர் பரிந்துரைத்தார்கள். வால்வையும் வலுப்படுத்தச் சொன்னார்கள். 2023 மே 29-ஆம் நாள் அடுத்த ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு, வழிகாட்டும் செயற்கைக்கோள் ஒன்றை ஏந்திச் சென்று, குறித்த பாதையில் விட்டது.